பதிவேடும் பலகையும்: இந்தியத் தங்கும் விடுதிச் சட்டத்தில் பொறுப்பும் பாதுகாப்பும்

முன்னுரை

இந்திய நகரங்களில் பேருந்து நிலையத்தையோ இரயில் நிலையத்தையோ அடுத்துள்ள எந்தச் சிறு தங்கும் விடுதிக்குள் நுழைந்தாலும் இரண்டு பொருள்களைக் காணலாம். ஒன்று, வருவோர் தம் பெயர், ஊர், வந்த காரணம், அடையாளச் சான்று ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிடும் பதிவேடு. மற்றொன்று, அப்பதிவேட்டுக்குப் பின்புறச் சுவரில் தொங்கும் அறிவிப்புப் பலகை. 'விலையுயர்ந்த பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்பது அப்பலகையின் வாசகமாக இருக்கும். முன்னது அரசு கேட்பதால் வைக்கப்படுவது. பின்னது விடுதி நடத்துபவர் தம் பாதுகாப்புக் கருதித் தாமே எழுதிக்கொண்டது.

இவ்விரண்டிற்கும் தனித்தனியான வரலாறு உண்டு. பதிவேட்டின் வரலாறு இந்திய மண்ணில் மிகப் பழமையானது. பலகையின் வரலாறோ பெரும்பகுதி இங்கிலாந்தில் நிகழ்ந்தது. அங்கே அப்பலகைக்குச் சட்டத்தின் வலிமை இருந்தது; இங்கே அது இல்லை. பத்துப் பன்னிரண்டு அறைகளை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தும் விடுதிக்காரர் தம்மைக் காக்கும் என நம்பி மாட்டியிருக்கும் பலகை, அவரைக் காக்க வேண்டிய நேரத்தில் பெரும்பாலும் காப்பதில்லை. இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதை அருத்தசாத்திரக் காலம் முதல் உச்ச நீதிமன்றத்தின் 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு வரையிலான சான்றுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

அடைக்கலம் என்னும் கருத்து

வழிச்செல்வோருக்கு இடமளித்தல் பழந்தமிழ் மரபில் வாணிகமாக அன்றி அறமாகவே பேசப்பட்டது. மணிமேகலை காட்டும் 'உலக அறவி' எவரும் சென்று தங்கத்தக்க பொதுவிடம். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்து வெள்ளிடை மன்றத்தைக் குறிப்பிடுகிறது. அங்கே புதியவராய் வந்த வணிகரின் பொதிகள் உரிய குறியீடுகளுடன் காவலின்றிக் கிடந்தன. அவற்றைக் களவாட முயன்றவன் கழுத்துக் கடுக்கச் சுமக்குமாறு செய்யும் ஆற்றல் அம்மன்றத்துக்கு இருந்ததாகக் காப்பியம் கூறும். பயணியின் பொருளுக்கு யார் பொறுப்பு என்னும் வினாவிற்கு அங்குத் தெய்வமே விடையாக நிற்கிறது.

அதே காப்பியத்தில் மாதரியின் செய்தி இதனினும் ஆழமானது. கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்க, மாதரி ஏற்றுக்கொள்கிறாள். கோவலன் கொலையுண்டதிலும் கண்ணகி துயருற்றதிலும் மாதரியின் தவறு எதுவுமில்லை. எனினும் அடைக்கலம் காக்கத் தவறினேன் எனக் கருதி அவள் தீயில் வீழ்ந்த செய்தி நீர்ப்படைக் காதையில் கூறப்படுகிறது. இது தவறு இல்லாவிடத்தும் பொறுப்பு உண்டு என்னும் உணர்வின் உச்ச நிலை. காப்பிய அறத்தைச் சட்டவிதியாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் தன் பிழையின்றி நேர்ந்த இழப்புக்கும் இடமளித்தவர் பொறுப்பாவரோ என்பதே பிற்காலச் சட்டங்கள் அனைத்தும் விடைகாண முயன்ற வினா என்பது நோக்கத்தக்கது.

வடமொழித் தருமநூல்கள் இவ்வினாவிற்குத் திட்டவட்டமான விடை தருகின்றன. அடைக்கலப் பொருளை அவை 'நிட்சேபம்' என்னும் தலைப்பில் ஆராயும். அரசன் கவர்ந்தாலோ, தெய்வச் செயலால் அழிந்தாலோ, கள்வர் கொண்டுசென்றாலோ அடைக்கலம் ஏற்றவன் ஈடு தரவேண்டியதில்லை என்பது யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் கொள்கை. கள்வரால் நேர்ந்த இழப்பு இங்கே பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டிருப்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். இங்கிலாந்தின் விடுதிச் சட்டம் இதற்கு நேர்மாறான நிலையை எடுத்தது.

அருத்தசாத்திரம் கேட்ட கேள்வி

கௌடலீயரின் அருத்தசாத்திரம், நகர ஆட்சியைப் பற்றிய பகுதியில் (2.36) தங்குமிடங்களைக் குறித்து விரிவாகப் பேசுகிறது. அறச்சாலைகளை மேற்பார்ப்போர், தங்க வரும் புறச்சமயத்தாரையும் வழிப்போக்கரையும் பற்றிக் கோபன் என்னும் அலுவலனுக்குத் தெரிவித்தல் வேண்டும். கைவினைஞர் தம் தொழிலைச் சார்ந்தோரையும் வணிகர் தம்முள் ஒருவர் மற்றவரையும் தங்கவைத்துக்கொள்ளலாம். கள் விற்போர், சமைத்த ஊனும் சோறும் விற்போர், பரத்தையர் ஆகியோர் தமக்கு நன்கு அறிமுகமானவர்க்கே இடம் தரலாம்.

இல்லத் தலைவர் தம் வீட்டிற்கு வருவோரையும் வீட்டிலிருந்து செல்வோரையும் பற்றி அறிவித்தல் வேண்டும். அறிவிக்காவிடின், அன்றிரவு நிகழும் குற்றத்திற்கு அவரே பொறுப்பாவார். குற்றம் எதுவும் நிகழாத இரவாயினும் மூன்று பணம் தண்டம் செலுத்தவேண்டும். இவ்விதியின் உட்பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இடமளித்தவர் பொறுப்பாவது பயணியின் பொருளைக் காக்கத் தவறியதற்காக அன்று. பயணியைப் பற்றி அரசுக்குச் சொல்லத் தவறியதற்காக. விடுதியின் பதிவேட்டுக்கு இதனை மூலவேர் எனலாம்.

பயணியின் பொருள் பற்றிய விதி அந்நூலில் வேறோர் இடத்தில் (4.13) அமைந்துள்ளது. வணிகர் தம் சரக்கின் மதிப்பைத் தெரிவித்துவிட்டு ஊரில் தங்கலாம். இரவில் ஊரை விட்டு வெளியேறாத சரக்கு களவுபோனால் ஊர்த்தலைவன் ஈடு தரவேண்டும்; ஊர்களுக்கு இடைப்பட்ட நிலத்தில் களவுபோனால் மேய்ச்சல் நிலத் தலைவன் தரவேண்டும். எனவே பொருளிழப்பின் பொறுப்பு தனிப்பட்ட விடுதிக்காரர் மீது சுமத்தப்படாமல் ஊரின் மீதும் அலுவலர் மீதும் சுமத்தப்பட்டது. இடைக்காலத்தும் இக்கருத்துத் தொடர்ந்தது. சேர் சா (1540-1545) பெருவழிகளில் இரண்டு குரோசத்திற்கு ஒன்றாகச் சராய்கள் அமைத்ததைக் கூறும் வரலாற்றாசிரியர் அப்பாசு கான் சர்வானி, வழிப்பறிக்கும் களவுக்கும் அவ்வவ்வூர்த் தலைவர்களே பொறுப்பாக்கப்பட்டதையும் பதிவு செய்துள்ளார்.

சராயின் வாயிற்கதவு

முகலாயர் காலச் சராய்களில் பாதுகாப்பு எவ்வாறு நடைபெற்றது என்பதற்கு 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்து, பின்னாளில் சென்னையில் குடியமர்ந்த வெனிசு நகரத்து மனூச்சியின் குறிப்புகள் சிறந்த சான்று. கதிரவன் மறையும்போது சராயின் கதவுகள் அடைக்கப்படும். அவரவர் பொருளை அவரவர் பார்த்துக்கொள்ளவேண்டும் எனக் காவலன் உரக்கக் கூவி அறிவிப்பான். விடியலில் கதவைத் திறப்பதற்கு முன் மும்முறை அவ்வாறே கூவுவான். எவரேனும் தம் பொருளைக் காணவில்லை என்றால் அது கிடைக்கும்வரை கதவு திறக்கப்படாது. கள்வன் பிடிபட்டால் சராயின் எதிரிலேயே தூக்கிலிடப்படுவான்.

இன்றைய அறிவிப்புப் பலகையின் வாய்மொழி வடிவமே காவலனின் கூவல் எனலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. காவலன் எச்சரித்ததோடு நிறுத்தவில்லை, கதவையும் அடைத்தான். எச்சரிக்கையும் காவலும் சேர்ந்தே இயங்கின. எச்சரித்துவிட்டோம், இனிப் பொறுப்பில்லை என்னும் நிலை அங்கு இல்லை.

தென்னகத்துச் சத்திரங்கள் இதனின் வேறுபட்டவை. இவை வாடகைக்கு விடப்பட்டவை அல்ல, அறக்கட்டளைகளால் இயங்கியவை. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி, இராமேசுவர வழியில் அமைந்த சத்திரங்களின் நிலையை விளக்கி 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். எல்லாச் சாதியினர்க்கும் உணவளித்தல், வழியில் நோயுற்றோர்க்கு மருத்துவம் செய்து குணமாகும்வரை பேணுதல், இறந்தோர்க்கு அவரவர் முறைப்படி ஈமக்கடன் செய்தல் ஆகியன சத்திரங்களின் கடமைகளாக அக்கடிதத்தில் கூறப்படுகின்றன. பின்னர்ச் சென்னை மாகாணத்தின் 1817ஆம் ஆண்டு ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம், கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றின் அறக்கட்டளைகளுடன் சத்திரங்களையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. அறக்கட்டளைப் பணம் தவறாகச் செலவிடப்படாமல் காப்பதே அதன் நோக்கம். சத்திரத்தில் தங்கியோரின் பொருளுக்கு யார் பொறுப்பு என்பதை அது பேசவில்லை.

இங்கிலாந்தில் பலகை பிறந்த கதை

இங்கிலாந்தின் பொதுச் சட்டம் விடுதிக்காரரை மிகக் கடுமையாக நடத்தியது. வழிப்பறி மிகுந்திருந்த காலத்தில் விடுதிக்காரர் கள்வருடன் கூட்டுச் சேர்ந்தால் பயணியால் அதனை மெய்ப்பிக்க இயலாது. ஆதலின், விடுதிக்குள் இருக்கும் பயணியின் பொருள் காணாமற்போனால் விடுதிக்காரரின் தவறு மெய்ப்பிக்கப்படாவிடினும் அவரே ஈடு தரவேண்டும் என்னும் விதி உருவாயிற்று. தெய்வச் செயல், நாட்டின் பகைவர் செயல், பயணியின் சொந்தத் தவறு ஆகியவை மட்டுமே விலக்குகள். களவு விலக்கன்று.

1584ஆம் ஆண்டின் கேலி வழக்கு இவ்விதியின் எல்லைகளை வகுத்தது. பயணி ஒருவர் தம் குதிரையை மேய்ச்சலுக்கு விடச்சொன்னார். அங்கிருந்து அது களவுபோயிற்று. பொருள் விடுதியின் எல்லைக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. பயணியின் சொற்படியே குதிரை வெளியே அனுப்பப்பட்டதால் விடுதிக்காரர் பொறுப்பாகார் என முடிவாயிற்று. அன்றியும், வருவோர் அனைவர்க்கும் இடமளிக்கும் பொதுவிடுதிகளுக்கே இக்கடுமை உரியதாயிற்று. தம் வீட்டில் சிலரைத் தேர்ந்து தங்கவைக்கும் சிற்றுறைவிடங்களை நடத்துவோர் இயல்பான கவனம் செலுத்தினாலே போதுமானதாக இருந்தது.

இரயில் பாதைகள் பெருகி, பயணிகள் விலையுயர்ந்த பொருள்களுடன் வரத்தொடங்கியதும் இவ்விதி விடுதிக்காரர்க்குப் பெருஞ்சுமையாயிற்று. அதனைத் தளர்த்தவே 1863இல் விடுதிக்காரர் பொறுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி விடுதிக்காரரின் பொறுப்பு 30 பவுண்டுக்கு மேற்படாது. ஆனால் அவரோ பணியாளரோ வேண்டுமென்று செய்த செயலால் அல்லது கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தாலும், பாதுகாப்பிற்கென்றே ஒப்படைக்கப்பட்ட பொருள் இழக்கப்பட்டாலும் இவ்வரம்பு பொருந்தாது. மேலும், இவ்விதியைத் தெளிவான எழுத்தில் அச்சிட்டு விடுதியின் நுழைவிடத்தில் எல்லோர் கண்ணிலும் படுமாறு வைத்திருந்தால் மட்டுமே விடுதிக்காரர் இப்பாதுகாப்பைப் பெறமுடியும். பலகை பிறந்த இடம் இதுவே. 1956ஆம் ஆண்டின் சட்டம் இவ்வரம்பை ஒரு பொருளுக்கு 50 பவுண்டு, மொத்தம் 100 பவுண்டு என மாற்றியது. பலகையின் தேவையை அதுவும் கைவிடவில்லை.

எனவே இங்கிலாந்தின் பலகை வெறும் எச்சரிக்கை அன்று. 'பொறுப்பே இல்லை' என்று அது கூறவில்லை. 'பொறுப்பு இவ்வளவு' என்று கூறிற்று. கடும்பொறுப்பு என்னும் சுமைக்கு ஈடாகச் சட்டமன்றம் அளித்த, நிபந்தனைகளுடன் கூடிய பாதுகாப்பு அது.

1867: நோயும் காவல் நிலையமும்

இங்கிலாந்தில் இச்சட்டம் வந்த நான்காம் ஆண்டில், 1867இல், இந்தியாவில் சராய்ச் சட்டம் இயற்றப்பட்டது. பயணிகள் தங்குவதற்குப் பயன்படும் கட்டடம் எதுவாயினும் அதனைச் சராய் எனக் கொண்ட இச்சட்டம், ஒவ்வொரு சராயும் மாவட்ட நடுவரிடம் கட்டணமின்றிப் பதிவுசெய்யப்படவேண்டும் என்றது. நன்னடத்தைச் சான்று காட்டாதவரின் பெயரைப் பதிய மறுக்கலாம். தொற்றுநோயுற்றவர் இருந்தாலோ எவரேனும் இறந்தாலோ உடனே அருகிலுள்ள காவல் நிலையத்திற்கு அறிவித்தல், அறைகளையும் கிணறு முதலிய நீர்நிலைகளையும் தூய்மையாக வைத்தல், கள்வர் ஏறி இறங்க உதவும் மரக்கிளைகளை வெட்டுதல், சுவரையும் கதவையும் செப்பமாக வைத்தல், போதிய காவலரை அமர்த்துதல், கட்டணப் பட்டியலை மாட்டிவைத்தல் ஆகியன நடத்துபவரின் கடமைகள். தவறினால் 20 ரூபாய் வரை தண்டம். தவறு தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ரூபாய் வரை கூடுதல் தண்டம். மூன்றாம் முறை தண்டிக்கப்பட்டவர் சராய் நடத்தும் தகுதியை இழப்பார்.

கடமைகள் இத்தனை விரிவாகக் கூறப்பட்டபோதும் பொருளிழந்த பயணிக்கு ஈடு தருவது பற்றியோ, விடுதிக்காரரின் பொறுப்புக்கு வரம்பு இடுவது பற்றியோ இச்சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. தண்டப்பணம் அரசுக்குச் செல்லும், பயணிக்குச் செல்லாது. சுவர்ப்பலகையில் இடம்பெற வேண்டியது கட்டணப் பட்டியலே. பொறுப்பு வரம்பு அன்று.

இதன் பின்னணியில் வாந்திபேதி அச்சம் இருந்தது. 1866இல் கான்சுடாண்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, இந்தியப் புனிதப் பயணங்கள் வாந்திபேதி பரவக் காரணமாவதைச் சுட்டிற்று. 1867 ஏப்ரலில் அரித்துவாரில் நடந்த கும்பமேளாவையடுத்து அந்நோய் வட இந்தியாவில் பரவியது. அந்நூற்றாண்டின் இறுதிவரை யாத்திரை ஊர்களின் தங்குமிடங்கள் சுகாதார அலுவலரின் கண்காணிப்பிற்கு உரியனவாகவே கருதப்பட்டன. பூரியின் விடுதிகளுக்கென வங்காளச் சட்டமன்றம் 1871இல் தனிச்சட்டம் இயற்றியது. விடுதிக்கு உரிமம் தேவை. எத்தனை பேர் தங்கலாம் என்பதைச் சுகாதார அலுவலர் வரையறுப்பார். உரிமக் கட்டணம் விடுதி நிதியில் சேர்க்கப்பட்டு யாத்திரிகரின் நலவாழ்வுப் பணிகளுக்குச் செலவிடப்படும். இந்நிதி நற்பணிகளுக்கு உதவியது என்பதை மறுக்கவியலாது. எனினும், சரபோசியின் கடிதத்தில் நோயுற்றோரைப் பேணவேண்டியவராகக் காட்டப்பட்ட சத்திரத்தார், அரை நூற்றாண்டு கடந்தபின் வந்த சட்டத்தில் நோயுற்றோரைக் காவல் நிலையத்துக்கு அறிவிக்கவேண்டியவராக மாறியிருப்பது இருவேறு நோக்குகளின் வேறுபாட்டைப் புலப்படுத்துகிறது.

1872: ஒரே அளவுகோல்

பயணியின் பொருள் பற்றிய வினா 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் வழியே விடை கண்டது. ஒருவர் பொருளை மற்றொருவர் பாதுகாக்க ஏற்பதை ஒப்படைப்பு என 148ஆம் பிரிவு வரையறுக்கிறது. ஏற்றவர், இயல்பான முன்யோசனையுடைய ஒருவர் அதே சூழ்நிலையில், அதே அளவும் தரமும் மதிப்பும் உடைய தம் சொந்தப் பொருளிடம் செலுத்தும் கவனத்தைச் செலுத்தவேண்டும் என்பது 151ஆம் பிரிவு. அத்தகைய கவனம் செலுத்தியிருந்தால், தனி ஒப்பந்தம் இல்லாதபோது, இழப்புக்கு அவர் பொறுப்பாகார் என்பது 152ஆம் பிரிவு.

இது ஆங்கிலக் கடும்பொறுப்பும் அன்று, களவு என்றவுடன் விடுவிக்கும் தருமநூல் விதியும் அன்று, இரண்டிற்கும் இடைப்பட்டது. ஆயினும் விடுதிக்காரர்க்கு இப்பிரிவுகளே பொருந்துமா, ஆங்கிலப் பொதுச் சட்டம் பொருந்துமா என்பது உடனே தெளிவாகவில்லை. சரக்கேற்றிச் செல்வோர் தொடர்பான வரலாறு இதற்கு ஒப்புநோக்கத்தக்கது. அவர்களுக்கென 1865இலேயே தனிச்சட்டம் இருந்தது. அட்டவணையில் கண்ட விலையுயர்ந்த பொருள்கள் 100 ரூபாய்க்கு மேற்பட்டால் அவற்றின் மதிப்பை முன்னரே அறிவிக்காதவர் ஈடு கோரமுடியாது என அது பாதுகாப்பளித்தது. 1891இல் ஐராவதிக் கப்பல் நிறுவன வழக்கில் பிரிவி கவுன்சில், சரக்கேற்றிச் செல்வோரின் பழைய ஆங்கிலப் பொறுப்பை ஒப்பந்தச் சட்டம் மாற்றவில்லை எனத் தீர்ப்பளித்தது. ஆனால் விடுதிக்காரர் வகையில் அலகாபாத் உயர் நீதிமன்றம் 1922இல், ஜான் அண்டு சன் எதிர் கேமரூன் வழக்கில், வேறு வழியை மேற்கொண்டது. விடுதிக்காரரின் பொறுப்பை 151, 152ஆம் பிரிவுகளைக் கொண்டே அளக்கவேண்டும் என்பது அதன் முடிவு.

இம்முடிவு சிறு விடுதிக்காரர்க்கு நன்மையே செய்தது. தவறின்றிப் பொறுப்பில்லை என்பதும், 'அதே சூழ்நிலையில்' என்னும் தொடர் அவருடைய வசதியின் எல்லையைக் கருத உதவும் என்பதும் அவர் பெற்ற நலன்கள். ஆனால் இதனாலேயே வேறொன்று நிகழாமற்போயிற்று எனக் கருத இடமுண்டு. கடும்பொறுப்பு இல்லாத இடத்தில் அதனைத் தளர்த்தும் சட்டத்திற்கும் தேவை எழவில்லை. 1863ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தை ஒத்த சட்டம் இந்திய அளவில் இயற்றப்படவில்லை. சரக்கேற்றுவோர்க்கு 1865இல் கிடைத்த, தொகையால் வரையறுக்கப்பட்ட பாதுகாப்பு விடுதிக்காரர்க்குக் கிடைக்கவில்லை. அவ்வாறே, வாடகை செலுத்தாதவரின் பொருளைப் பிடித்துவைத்து, ஆறு வாரம் கழித்து உரிய விளம்பரத்துடன் விற்கும் உரிமையை 1878ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் விடுதிக்காரர்க்கு அளித்தது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவோ, பொதுப் பற்றுரிமை உடையோர் பட்டியலில் வங்கியாளரையும் உயர் நீதிமன்ற வழக்குரைஞரையும் சேர்த்தது, விடுதிக்காரரைச் சேர்க்கவில்லை. சட்டத்தின் துணையின்றிப் பலகை மட்டும் கடல்கடந்து வந்து இந்திய விடுதிச் சுவர்களில் இடம்பிடித்தது.

பதிவேட்டின் வளர்ச்சி

பாதுகாப்பு வளராத அளவுக்குப் பதிவேடு வளர்ந்தது. அயல்நாட்டார் பதிவு விதிகள் 1939இல் வகுக்கப்பட்டன. அயல்நாட்டார் தங்கினால் விடுதிக்காரர் உரிய பதிவேட்டில் கையொப்பம் பெற்று, வந்த 24 மணி நேரத்திற்குள் பதிவு அலுவலர்க்கு 'சி' படிவத்தை அனுப்பவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டமும் இக்கடமையை உறுதிசெய்தது. இச்சட்டங்களின் இடத்தில் 2025 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவு மற்றும் அயல்நாட்டார் சட்டமும் தங்குமிடம் நடத்துவோரின் தகவல் தரும் கடமையைத் தொடர்கிறது. விடுதிக்குக் காவல்துறை உரிமம் பெறும் முறை தில்லியில் 2025 ஜூனில் கைவிடப்பட்டது. சராய்ச் சட்டமும் நீக்கத்தக்க பழஞ்சட்டங்களுள் ஒன்றாகச் சட்ட ஆணையத்தால் 2014இல் சுட்டப்பட்டது. உரிமம் வழங்கும் கை மாறினாலும் வருவோரை அறிவிக்கும் கடமை மாறவில்லை.

வீட்டின் சில அறைகளைப் பயணிகளுக்கு விடும் முறைக்குத் தில்லி 2007இல் தனிச்சட்டம் இயற்றியது. பதிவும் ஒழுங்குமுறையுமே அச்சட்டத்தின் பெயரில் இடம்பெற்ற சொற்கள். 1867இல் தோன்றிய அதே நோக்கு 140 ஆண்டுகள் கடந்தும் நிலைத்திருந்ததை இது காட்டுகிறது.

2019: பலகையின் மதிப்பு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தபோது உணவும் உறைவிடமும் அளித்தல் 'சேவை' என்பதனுள் அடக்கப்பட்டது. உரிமையியல் நீதிமன்றத்திற்குச் செல்லத் தயங்கிய பயணிக்கு எளிய வழி பிறந்தது. இவ்வழியில் வந்த ஒரு வழக்கே பலகையின் மதிப்பை முடிவுசெய்தது.

தில்லியில் 1998 ஆகத்து முதல் நாள் இரவு, ஒருவர் தம் மகிழுந்தைத் தாஜ்மகால் ஓட்டலின் பணியாளரிடம் நிறுத்துவதற்காக ஒப்படைத்தார். உரிமையாளரின் பொறுப்பிலேயே வண்டி நிறுத்தப்படுகிறது என்னும் வாசகம் அவருக்குத் தரப்பட்ட சீட்டில் இருந்தது. திரும்பி வந்தபோது வேறொருவர் அவ்வண்டியை ஓட்டிச்சென்றுவிட்டது தெரிந்தது. காப்பீட்டு நிறுவனம் தொடர்ந்த இவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் 14 அன்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பில் இரண்டு கூறுகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, விடுதியின் எல்லைக்குள் இருக்கும் பொருள் அனைத்திற்கும் தவறின்றியே பொறுப்பு என்னும் ஆங்கில விதியை எல்லாச் சூழலுக்கும் பொருத்த நீதிமன்றம் மறுத்தது. 1922இல் அலகாபாத் காட்டிய வழி இவ்வாறு வலுப்பெற்றது. இரண்டாவது, பொருள் விடுதியின் கைக்கு ஒப்படைக்கப்பட்டபின் அது காணாமற்போனால் தான் உரிய கவனம் செலுத்தியதை விடுதியே மெய்ப்பிக்க வேண்டும். தன் கவனக்குறைவுக்கும் பணியாளரின் கவனக்குறைவுக்கும் உரிய பொறுப்பை அச்சிட்ட வாசகத்தால் அது விலக்கிக்கொள்ள முடியாது. தன் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட பிறர் செயலுக்கு விலக்குக் கோரலாம். அதற்கும் தன்னளவில் கவனம் செலுத்தியதை முதலில் காட்டவேண்டும்.

இத்தீர்ப்பு எழுந்தது பெருவிடுதியின் வழக்கில். ஆயினும் அதன் விதி பத்து அறைகள் கொண்ட விடுதிக்கும் பொருந்தும். மெய்ப்பிக்கும் சுமை இருவருக்கும் ஒன்றே. மெய்ப்பிக்கும் வசதி ஒன்றன்று. பெருவிடுதியில் கண்காணிப்புக் கருவியும் பணியாளர் அட்டவணையும் சான்றுகளாக நிற்கும். சிறு விடுதியில் இரவுக் காவலராகவும் கணக்கராகவும் ஒருவரே இருப்பார். அவருடைய வாய்ச்சொல்லே சான்று. பயணி ஒப்படைத்த பெட்டிக்குச் சீட்டுத் தரப்படாதவிடத்து, எது ஒப்படைக்கப்பட்டது என்பதையே எவராலும் காட்டமுடியாமற்போகும். இழப்புத் தொகைக்கு வரம்பும் இல்லாமையால், ஒரு வழக்கே அவருடைய ஓராண்டு வருவாயைக் கொண்டுசெல்லக்கூடும்.

முடிவுரை

இந்திய விடுதிச் சட்ட வரலாறு விடுதிக்காரரிடம் 'யாரைத் தங்கவைத்தாய்' என்னும் கேள்வியையே அருத்தசாத்திரம் முதல் 2025ஆம் ஆண்டின் சட்டம் வரை இடைவிடாது கேட்டுவந்துள்ளது. 'எதனைக் காக்கவேண்டும், எவ்வளவிற்குப் பொறுப்பு' என்னும் கேள்விக்கு ஒப்பந்தச் சட்டத்தின் பொதுப்பிரிவுகளைத் தவிர அது தனி விடை வகுக்கவில்லை. இதனால் கடமைகள் எழுத்தில் பெருகின. பாதுகாப்பு, இயல்பான கவனம் என்னும் ஓர் அளவுகோலில் மட்டும் தங்கிற்று. சுவரில் தொங்கும் பலகை, தன் ஆங்கில மூலத்திற்கு இருந்த சட்ட வலிமையை இழந்து, வாசகத்தை மட்டும் மிகைப்படுத்திக்கொண்ட ஒன்று. 'இவ்வளவே பொறுப்பு' என்பது இங்கே 'பொறுப்பே இல்லை' எனத் திரிந்தது. அத்திரிபை நீதிமன்றம் ஏற்கவில்லை.

சிறு விடுதிக்காரர்க்கு மெய்யான பாதுகாப்பு, சராயின் காவலன் செய்ததுபோல் எச்சரிக்கையோடு காவலையும் சேர்ப்பதில்தான் உள்ளது. பூட்டுச் செப்பமாயிருத்தல், ஒப்படைத்த பொருளுக்குச் சீட்டுத் தருதல், சாவி கைமாறும் நேரத்தைக் குறித்துவைத்தல் ஆகியனவே 151ஆம் பிரிவு கேட்கும் கவனத்தின் சான்றுகள். அரசுக்காக வைக்கப்படும் பதிவேட்டில் இவற்றுக்கும் ஓர் இடம் ஒதுக்கப்படின், அதுகாறும் விடுதிக்காரரைக் கண்காணிக்க மட்டுமே பயன்பட்ட ஏடு அவரைக் காக்கவும் பயன்படும். பொறுப்பைத் தொகையால் வரையறுத்து, அதற்கு ஈடாகக் காவல் கடமைகளை விதிக்கும் சட்டம் இந்தியாவில் இயற்றப்படுமாயின், 1867இல் விடுபட்ட பிரிவு நிறைவு பெறும். அதுவரை, பலகை மறுக்கும் பொறுப்பைப் பதிவேடே சுமக்கவேண்டியுள்ளது.